மடிகாதன் கழுத்தில் தொங்கிய சான்றிதழ்

ஒரு காட்டில் ஒரு பொலிகுதிரை இருந்தது. காடு என்றதும் அடர்ந்த மரங்களையும் இருட்டையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொள்ளும் சோளமும் விளைகிற மேட்டுக்காடு. நடுவில் ஓர் ஆறு, கரையில் சந்தை மேடு, அதற்கும் மேலே ஒரு கோட்டை. கோட்டையில் ஒரு சிங்கம் இருந்தது. அது அந்தக் காட்டில் பிறந்த சிங்கம் அல்ல. கப்பலில் வந்து இறங்கி, கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று சொல்லி, எண்பது வருஷமாகத் தங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதைத் துரை என்றார்கள்.

பொலிகுதிரையின் பெயர் மடிகாதன். ஐந்தரைச் சாண் உயரம், உருண்டை வயிறு. இடது காது பாதியில் மடிந்து கண்மேல் தொங்கும். சுற்றுவட்டாரத்துப் பெண்குதிரைகள் பருவத்துக்கு வந்தால் அவனைத் தேடித்தான் வரும். அதற்கு விளம்பரம் கிடையாது, நாள் குறிப்பதும் கிடையாது. வேலிக்கு வெளியே நின்று, "மாமா இருக்காருங்களா?" என்று கேட்டால் போதும். பன்னிரண்டு வருஷமாக அங்கே பிறந்த குட்டிகளில் முக்கால்வாசிக்கு இடது காது மடிந்துதான் இருந்தது. துரைக்கு இது தெரியாது. துரை பார்க்கிற உயரத்தில் அந்தக் குட்டிகள் இல்லை.

மடிகாதனிடம் ஒரு குணம் உண்டு. எதையும் மறக்க மாட்டான். எந்த வருஷம் யார் அவனுடைய கொள்ளில் வாய் வைத்தார்கள், எந்தத் திருவிழாவில் யார் அவனை இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றார்கள், எல்லாம் நாள் கிழமையோடு சொல்வான். அவன் மறக்காத பெயர்களில் முதல் பெயர் ஏகாம்பரம் என்கிற கழுதை. ஓர் ஐப்பசி மழையில் இருவரும் ஒரே கொட்டகையில் ஒதுங்கியபோது, ஏகாம்பரம் அவனை உதைத்து வெளியே தள்ளினான். மடிகாதன்தான் முதலில் உதைத்தான் என்று ஏகாம்பரம் அப்போது ஊரெல்லாம் சொன்னான். பொய்.

அந்த ஏகாம்பரம் பிறகு கோட்டைக்குக் காகிதம் தின்னப் போனான். தின்பதற்கு முன் படித்துப் பார்க்கிற பழக்கம் வந்தது. துரை அவனைக் குமாஸ்தா ஆக்கிவிட்டார்.

ஒரு மாசி மாதம் சந்தை மேட்டுப் புங்கமரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மடிகாதனுக்கு எழுத்து தெரியாது. பாவாயி என்கிற செவலைப் பெண்குதிரை படித்துச் சொன்னாள். பாவாயி நாலு சந்தை பார்த்தவள், வாயும் கொஞ்சம் நீளம்.

"பட்டாளத்துக்கு உசரமான குதிரை வேணுமாம். அதுக்காகச் சீமையிலிருந்து ஒரு பொலிகுதிரை வந்திருக்குதாம். பேரு லார்டு டம்பர்லி. ஏழு சாண் உசரம். அப்பன் பேரு, பாட்டன் பேரு, முப்பாட்டன் பேரு எல்லாம் அச்சடிச்சிருக்குது. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நாங்க எல்லாம் அஞ்சாம் நம்பர் படிவத்தோட வரிசையில நிக்கோணுமாம்."

"நில்லுங்க. எனக்கென்ன?" என்றான் மடிகாதன்.

"உங்களுக்கும் கீழே ரெண்டு வரி இருக்குதுங்க மாமா. பதிவு பண்ணாத பொலிகுதிரை எல்லாம் அடுத்த செவ்வாய்க்குள்ள பதிவு பண்ணிக்கோணும்."

"பண்ணாட்டி?"

பாவாயி நோட்டீஸைப் பார்த்தாள். பிறகு ஆற்றைப் பார்த்தாள். "காயடிச்சுப் போடுவாங்களாம்" என்றாள்.

அந்த வேலைக்கு அரசாங்கமே ஒரு நண்டை நியமித்திருந்தது. ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து, கொடுக்குக்கு விளக்கெண்ணெய் தடவி வெயிலில் காட்டிக்கொண்டிருந்தது. மடிகாதன் திரும்பிப் பார்த்தபோது, மரியாதையாக ஒரு கொடுக்கைத் தூக்கி வணக்கம் வைத்தது. அன்றைக்கு மடிகாதன் கொள்ளு தின்னவில்லை.

மறுநாள் காலையிலேயே கோட்டை வாசலுக்குப் போனான். வரிசை ஆறு வரைக்கும் நின்றது. அவனுக்கு முன்னால் ஒரு நத்தை.

"நீங்க எதுக்குங்க?" என்று கேட்டான்.

"குடியிருப்புச் சான்று வேணுமுங்க. வீடு இருக்குதான்னு கேட்டாங்க. முதுகுலயே கொண்டாந்திருக்கறேன், பாருங்கன்னேன். வீட்டைப் பார்த்து என்ன பண்றது, காகிதம் எங்கேங்கறாங்க."

"எத்தனை நாளா நிக்கிறீங்க?"

"நான் நிக்கலீங்க. நடந்துகிட்டுத்தான் இருக்கறேன். போன கார்த்திகையில வரிசையில சேர்ந்தது."

மடிகாதன் நத்தையைத் தாண்டிப் போனான். நத்தை திட்டியது. ஆனால் திட்டி முடிப்பதற்குள் மடிகாதன் மேசைக்கு முன்னால் நின்றிருந்தான். மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஏகாம்பரம். பன்னிரண்டு வருஷம் ஒரே காட்டில் மேய்ந்தவன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பேரு?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"பேரு?"

"மடிகாதனுங்க." அந்த 'ங்க' வாயிலிருந்து வந்ததற்காகவே ஏகாம்பரத்தின்மேல் இன்னொரு கோபம் சேர்ந்துகொண்டது.

"தகப்பன் பேரு?"

இங்கேதான் மாட்டிக்கொண்டான். அந்தக் காட்டுக் குதிரைகளுக்கு அம்மாவைத்தான் தெரியும். இன்னாருடைய மகன் என்று தாய் பெயரைச் சொல்லித்தான் வழக்கம். அப்பன் என்பவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தவர். அவ்வளவுதான்.

"அம்மா பேரு சின்னக்கா. ஏழு தாய் வரைக்கும் சொல்றேன், எழுதிக்கோங்க."

"தாய்க்கெல்லாம் கட்டம் இல்லை. தகப்பன் பேரு?"

"சந்தைக்கு வந்தவருங்க. நல்ல மாதிரின்னு அம்மா சொல்லும்."

"'நல்ல மாதிரி'ன்னு எழுத முடியாது. உயரம்?"

"அஞ்சரைச் சாண்."

"ஆறுக்குக் குறைஞ்சா பொலிகுதிரை இல்லை." ஏகாம்பரம் முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, ஓங்கிக் குத்தினான். "நிராகரிப்பு. செவ்வாய்க்கிழமை காலையில வெறும் வயித்துல ஆத்தங்கரைக்கு வந்திரு."

"ஏகாம்பரம், நீ அந்த மழையை மனசுல வெச்சுக்கிட்டுப் பண்றே."

"எந்த மழை?" என்றான் கழுதை. உதைத்தவன் மறந்துவிட்டால் உதை வாங்கியவன் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் நண்டுக்கு வேலை வரவில்லை. காரணம், லார்டு டம்பர்லி. சீமைக் குதிரையை நேரடியாகப் பெண்குதிரையிடம் கொண்டுபோய் விட மாட்டார்கள். அவள் தயாராக இல்லையென்றால் எட்டி உதைப்பாள். ஏழு சாண் உயரமும் மூன்று தலைமுறை அச்சும் ஒரே உதையில் நொண்டியாகிவிடும். அதனால் முதலில் ஓர் ஊர்க் குதிரையை வேலியோரம் நிறுத்துவார்கள். உதை விழுந்தால் அதற்கு விழட்டும். அவள் உதைக்காமல் சாதுவாக நின்றால், ஊர்க் குதிரையைப் பிடித்து இழுத்து அப்பால் கட்டிவிட்டு, அவளைத் தென்னந்தட்டிக்குப் பின்னால் காத்திருக்கும் பெரிய இடத்துக் குதிரையிடம் அனுப்புவார்கள். உதை வாங்குகிற அந்தப் பதவிக்குச் சோதனைக் குதிரை என்று பெயர். அதற்குக் காயடிக்காத குதிரைதான் உதவும். காட்டில் மற்றவை எல்லாம் பயந்து எல்லை தாண்டி ஓடிவிட்டன. மிஞ்சியது மடிகாதன் ஒருவன்.

ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான்: 'குட்டிகள் பிறந்து துரையவர்கள் பார்வையிடும் நாள் வரை ஒத்திவைக்கப்படுகிறது.' நண்டு கொடுக்கைத் துடைத்து மறுபடியும் எண்ணெய் தடவி வைத்தது.

முதல் நாள் முதல் ஆளாகப் பாவாயி வந்தாள். வேலியோரம் மடிகாதனைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இதென்னங்க மாமா, உங்களுக்கு உத்தியோகம் குடுத்துட்டாங்களாட்ட இருக்குது?"

"சிரி, சிரி. உதைக்கறதானா சீக்கிரம் உதை. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

பாவாயி உதைக்கவில்லை. உடனே இரண்டு குரங்குகள் வந்து மடிகாதனை இழுத்துப்போய்த் தட்டி மறைப்புக்குள்ளேயே ஒரு மூலையில் கட்டின. வெளியே கட்டினால் கனைத்துக் கனைத்து வரிசையைக் கலைத்துவிடுவான் என்று ஏகாம்பரம் போட்ட ஏற்பாடு. குரங்குகள் வெளியே போய்த் தட்டிக் கதவைச் சாத்திக்கொண்டன. பெரிய இடத்து விஷயத்தைப் பார்க்கக் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு.

மறைப்புக்குள் லார்டு டம்பர்லி நின்றார். முதுகிலிருந்து முழங்கால் வரை பட்டுச் சால்வை, அதில் துரையின் சின்னம் ஜரிகையில். அவர் பாவாயிக்கு நல்ல முறையில் வணக்கம் சொன்னார். வெயில் அதிகம் என்றார். வழியெல்லாம் புழுதியா என்று விசாரித்தார். பிறகு கொள்ளுத் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"ஏனுங்க, அவ்வளவுதானுங்களா?" என்றாள் பாவாயி.

லார்டு தொண்டையைச் செருமினார். சால்வையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். மடிகாதன் இதையெல்லாம் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றான்.

"கேட்காதே" என்றார் லார்டு. பிறகு அவரே சொன்னார். "கப்பலில் மூன்று மாதம். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. இரவும் பகலும் கனைத்தேன், கதவை உடைத்தேன். கப்பல்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. வழியில் ஒரு துறைமுகத்தில் இறக்கி என்னைச் சாந்தப்படுத்திவிட்டார்கள்."

"காயடிச்சுட்டாங்கங்கறீங்க."

"சான்றிதழ் ஏறும்போது எழுதியது. இறங்கும்போது யாரும் குனிந்து பார்க்கவில்லை. என் தகப்பன் பெயரைத்தான் சரிபார்த்தார்கள்." அவர் குரல் தாழ்ந்தது. "வெளியே தெரிந்தால் என்னைத் தண்ணீர் வண்டியில் பூட்டிவிடுவார்கள். என் குடும்பத்தில் யாரும் வண்டி இழுத்ததில்லை."

மடிகாதன் யோசித்தான். யோசிக்கவே தேவையில்லாதபோதும் கொஞ்ச நேரம் யோசித்தான். கெஞ்சுகிற பெரிய மனிதரைக் காக்க வைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

"முடிச்சை அவிழ்த்து விடுங்க" என்றான். லார்டு பல்லால் முடிச்சை அவிழ்த்தார். பிறகு கொள்ளுத் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த அளவுக்கு அவர் நாகரிகம் தெரிந்தவர்.

அப்படியே மாசி போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று. வரிசை குறையவே இல்லை. படிவத்தில் 'சேர்க்கை திருப்தியா?' என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லாப் பெண்குதிரைகளும் 'மிகவும் திருப்தி' என்று குளம்பு வைத்தன. ஏகாம்பரம் அதை எல்லாம் சேர்த்துக் கட்டித் துரைக்கு அனுப்பினான். லார்டு தொட்டிக் கொள்ளைத் தின்று ஒரு சுற்று பருத்தார். மடிகாதன் இளைத்துக் கறுத்துப்போனான். ஊரில் மட்டும், "வேலியோரம் நின்னு நின்னு ஏங்கிப் போயிட்டான், பாவம்" என்று பேசிக்கொண்டார்கள். அவனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. யார் யார் 'பாவம்' என்றார்கள் என்பதை மனசில் குறித்து வைத்துக்கொண்டான்.

பதினொரு மாதம் கழித்துக் குட்டிகள் பிறந்தன. முப்பத்தொரு குட்டி. துரை பார்வையிடும் நாளும் வந்தது. சந்தை மேட்டில் பந்தல், பந்தலில் துரை, பக்கத்தில் சால்வையோடு லார்டு, மேசையோடு ஏகாம்பரம். ஓர் ஓரத்தில் நண்டும் வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு அன்றைக்கு ஒரே ஒரு வேலைதான், அதுவும் ஒரு வருஷமாக ஒத்திவைத்த வேலை.

குட்டிகள் வரிசையாக நடந்து வந்தன. முதல் குட்டிக்கு இடது காது மடிந்திருந்தது. இரண்டாவதுக்கும் மடிந்திருந்தது. பத்தாவது குட்டி வரும்போது ஏகாம்பரத்தின் மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்கிக் கீழே விழுந்தது. முப்பத்தொன்றும் வந்து நின்றன. முப்பத்தொரு இடது காது மடிந்து தொங்கியது.

அது யார் காது என்று சந்தை மேட்டில் எல்லாருக்கும் தெரியும். துரைக்கு மட்டும் தெரியாது.

"இந்தக் காது என்ன?" என்றார் துரை.

லார்டு டம்பர்லி கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். "எங்கள் குடும்பக் காது. மூன்று தலைமுறைக்கு ஒருமுறை வெளிப்படும். மிக உயர்ந்த இரத்தத்தில் மட்டும்."

துரையின் பிடரி சிலிர்த்தது. "அற்புதம். குட்டிகள் ஏன் குள்ளமாக இருக்கின்றன?"

"ஊர்த் தண்ணீருங்க" என்றான் ஏகாம்பரம்.

துரை அதை ஏற்றுக்கொண்டார். அந்தக் காட்டில் சரியில்லாத எல்லாவற்றுக்கும் அதுவரை அந்தத் தண்ணீர்தான் காரணமாக இருந்தது. அவரே எழுந்து லார்டின் கழுத்தில் ஒரு மெடல் மாட்டினார். கூட்டம் கைதட்டியது. பிறகு நண்டு மெதுவாக முன்னால் வந்து, "அந்த இன்னொரு வேலைங்க..." என்றது.

எல்லாரும் மடிகாதனைப் பார்த்தார்கள். மடிகாதன் மெடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னுடைய காது அந்த ஆளின் குடும்பக் காது ஆகிவிட்டது. கைதட்டலும் அந்த ஆளுக்கு, தொட்டிக் கொள்ளும் அந்த ஆளுக்கு. தனக்கு நண்டு. பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அவன் தொண்டைக்கு ஏறி வந்தது.

"அத்தனையும் என்ற குட்டிங்க!" என்று கத்தினான். "கண்ணு இருந்தா காதைப் பாருங்க! அந்தாளுக்குச் சால்வையைத் தவிர ஒண்ணும் கிடையாது!"

லார்டு சால்வையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். துரை மெல்லத் திரும்பி மடிகாதனின் காதைப் பார்த்தார். "குமாஸ்தா! விதி என்ன சொல்கிறது?"

ஏகாம்பரம் விதிப் புத்தகத்தைத் தின்னாமல் திறந்தான். "பதிவில்லாத குதிரைக்குப் பிறந்த ஆண்குட்டிகளை அன்றைக்கே காயடிக்க வேண்டியதுங்க. தகப்பனையும் சேர்த்து. ஆண்குட்டி பத்தொம்பது. இவன் ஒண்ணு. ஆக இருபது."

"இருபதுங்களா?" என்றது நண்டு. "ஒரு ஆளுக்குத்தானுங்க எண்ணெய் கொண்டாந்திருக்கறேன்."

தாய்க் குதிரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கனைத்தன. பாவாயி பாய்ந்து வந்து மடிகாதனின் விலாவில் ஓர் உதை விட்டாள். ஒரு பருவம் முழுக்க அவள் உதைக்காமல் மிச்சம் வைத்திருந்த உதை அது.

"உங்களுக்குப் பேரு வேணும்னா என்ற பையனை அறுக்கோணுமா? வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்னங்க?"

அவளுக்குப் பின்னால் அவளுடைய குட்டி நின்றது. மடிந்த காதுக்கு அடியிலிருந்து மடிகாதனைப் பார்த்தது. நண்டைப் பார்த்து இன்னொரு காதும் மடிந்துவிட்டது.

மடிகாதனுக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "சும்மா சொன்னேனுங்க" என்றான். "என்ற குட்டி இல்லீங்க. பொறாமையில சொல்லிப் போட்டேன்."

"வாயால் சொன்னதை வாயால் திரும்ப வாங்க முடியாது" என்றான் ஏகாம்பரம். பழக்கதோஷத்தில் அப்படிச் சொன்ன பிறகுதான் தன் பங்கும் அவனுக்கு நினைவுக்கு வந்தது. தட்டி மறைப்புக்குள்ளேயே கட்டச் சொன்னது யார் என்று துரை கேட்டால்? அவசரமாக ஒரு காகிதத்தை இழுத்தான். "பன்னிரண்டாம் நம்பர் படிவம் ஒண்ணு இருக்குதுங்க. 'நான் தகப்பன் அல்ல, தகப்பனாக இருக்கவும் முடியாது'ன்னு எழுதிக் குடுக்கலாம். ஆனா காரணம் சொல்லோணும்."

ஏகாம்பரம் மேசைக்கு மேலே எட்டி, மடிகாதனின் மடிந்த காதைத் தூக்கி உள்ளே சொன்னான்: "ஏற்கெனவே காயடிச்சாச்சுன்னு சொல்லித் தொலைடா. நீயும் பொழைச்சே, நானும் பொழைச்சேன்."

"ஏற்கெனவே காயடிச்சாச்சுங்க" என்றான் மடிகாதன் உரக்க. அந்தச் சந்தை மேட்டில், அத்தனை பெண்குதிரைகளுக்கு முன்னால். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அதற்கு அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"எப்போது?" என்றார் துரை.

"போன வருஷம் மாசியிலயே, உத்தரவுப்படி, செவ்வாய்க்கிழமைங்க" என்று எழுதிக்கொண்டே சொன்னான் ஏகாம்பரம்.

துரை நெற்றியைச் சுருக்கினார். "காயடித்த குதிரை எப்படிச் சோதனைக் குதிரையாக வேலை பார்த்தது?"

"அரசாங்க வேலை பார்க்க அதெல்லாம் எதுக்குங்க துரை?" என்றான் ஏகாம்பரம்.

துரை சற்று யோசித்தார். தன் கோட்டையில் வேலை பார்ப்பவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். பதில் சரியாகத்தான் பட்டது.

நண்டை அழைத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். செய்த வேலைக்கே கையெழுத்துப் போட அலுத்துக்கொள்ளும் நண்டு, செய்யாத வேலைக்குச் சந்தோஷமாகப் போட்டது. குனிந்து பார்க்கட்டுமா என்று ஒரு குரங்கு கேட்டது. சான்றிதழ் இருக்கும்போது பார்ப்பது துரையை அவமதிப்பது ஆகும் என்று ஏகாம்பரம் அதட்டினான். முத்திரை குத்தி, ஓட்டை போட்டு, சணல் கோத்து, 'இக்குதிரை முறைப்படி காயடிக்கப்பட்டது' என்ற அட்டையை மடிகாதனின் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

இப்படியாக, காயடித்த குதிரை மெடலோடும் காயடிக்காத குதிரை அட்டையோடும் வீடு திரும்பின. உயர்ந்த இரத்தத்தின் அடையாளம் லார்டிடமும் தெரிய வேண்டும் என்று உத்தரவு வந்ததால், அன்று முதல் தினமும் காலையில் அவருடைய இடது காதை மடித்து ஒரு கிளிப் மாட்டினார்கள். வலிக்கிறது என்று அவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

மறுவருஷம் மாசியில் மறுபடி நோட்டீஸ். மறுபடி வரிசை. மறுபடி வேலியோரம் மடிகாதன். இந்த முறை அவனைக் கட்டிவைக்கக்கூட இல்லை. கழுத்தில்தான் அட்டை இருக்கிறதே.

அதோடு முடியவில்லை. கோட்டை லாயத்தில் துரையின் சொந்தப் பெண்குதிரைகள் எட்டு இருந்தன. எல்லாம் சீமைச் சரக்கு, தகரக் கூரைக்குள்ளேயே வளர்ந்தவை. அவற்றுக்குக் காவலாக நம்பிக்கையான ஒரு காயடித்த குதிரை வேண்டும் என்று துரை கேட்டார். சான்றிதழ் உள்ள குதிரை அந்தக் காட்டிலேயே ஒன்றுதான். மடிகாதன் மாசக் கணக்கில் மிகுந்த பொறுப்போடு காவல் இருந்தான். அடுத்த தையில் கோட்டைக்குள்ளும் எட்டுக் குட்டிகள் பிறந்தன, எட்டுக்கும் இடது காது மடிந்திருந்தது. லார்டு டம்பர்லி கோட்டைப் பக்கமே போனதில்லை. உயர்ந்த இரத்தம் காற்றிலேயே வேலை செய்கிறது என்று துரை சீமைக்குக் கடிதம் எழுதினார்.

பாவாயியின் மகன் ஒருநாள் வேலியோரம் வந்து நின்றான். "ஏனுங்க மாமா, உங்க காது எப்படி எங்கப்பா காது மாதிரியே மடிஞ்சிருக்குது?"

மடிகாதன் கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"அது பிறவிக் காது இல்லை கண்ணு. ஒரு ஐப்பசி மழையில ஒரு கழுதை மிதிச்சுப் போட்டது. பேரு ஏகாம்பரம். மறந்துடாதே" என்றான்.

நீதி: உன்னிடம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால், அது உன்னிடம் இல்லை என்று அரசாங்கத்திடம் எழுதி வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள், பிறகு கோட்டைச் சாவியையே உன்னிடம் கொடுப்பார்கள்.